கம்ப்யூட்டர் கேள்வி–பதில்: வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸை நம்புவது?

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் 2003 முதல் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆன்டிவைரஸ் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: என் கடையிலும் ஆன்டிவைரஸ் விற்கிறேன். விற்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் எனக்கு லாபம் உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டே நான் சொல்வதைப் படியுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து வந்த மகன், விண்டோஸ் 11 போட்ட லேப்டாப் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். விற்ற கடைக்காரர், மூன்று வருஷ ஆன்டிவைரஸ் கட்டாயம் வேண்டும் என்கிறார். எதிர் வீட்டுத் தம்பியோ, ‘எதுவுமே வேண்டாம் ஐயா’ என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தேவகோட்டை

பதில்: ஐயா, தம்பி சொல்வதில் முக்கால்வாசி சரி. உங்களுக்கு வேண்டியது ஏற்கெனவே லேப்டாப்புக்குள் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்று பெயர். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஆன்டிவைரஸை உள்ளே வைத்தேதான் தருகிறார்கள். தனியாகக் காசு கிடையாது, வருஷா வருஷம் ரெனியூவல் கிடையாது.

அது வேலை செய்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். கேடயப் படம் போட்ட ஒரு பக்கம் திறக்கும். பச்சை டிக் இருந்தால் நல்லது. மஞ்சள் முக்கோணம் இருந்தால் ஏதோ ஒன்று பாக்கி. சிவப்பு என்றால் உடனே கவனிக்க வேண்டும். அதோடு நிறுத்திவிடாமல் ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்’ என்பதற்குள் போய், கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்கிற தேதியைப் பாருங்கள். இன்றைய தேதியோ நேற்றைய தேதியோ இருக்க வேண்டும். எந்தக் கம்பெனி ஆன்டிவைரஸாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்தத் தேதியைத்தான்.

‘சும்மா கிடைக்கிறதே, தரம் இருக்குமா?’ என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2012, 2013 வாக்கில் மைக்ரோசாஃப்டின் இலவச ஆன்டிவைரஸ் சோதனைகளில் பின்தங்கித்தான் இருந்தது. அப்போது நானே, ‘அது போதாது, காசு கொடுத்து வாங்கிப் போடுங்கள்’ என்று சொல்லியிருக்கிறேன். இன்று அதையே சொன்னால் அது பொய். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஏவி-டெஸ்ட் என்ற சோதனைக்கூடம் இருக்கிறது. பாதுகாப்பு, வேகம், உபயோகம் என்று மூன்று தலைப்பில் தலைப்புக்கு 6 மதிப்பெண், மொத்தம் 18 போடுவார்கள். உபயோகம் என்றால், நல்ல ஃபைலை வைரஸ் என்று தப்பாகக் கத்தாமல் இருப்பது. அந்தச் சோதனையில் டிஃபெண்டர் முழு 18ஐயும் பல முறை வாங்கியிருக்கிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக் நகரில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்று இன்னொரு கூடம் உண்டு. இரண்டு கூடங்களும் முடிவுகளைத் தங்கள் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி போடுகின்றன. ஆன்டிவைரஸ் வாங்குவதானால் விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், இந்தப் பக்கங்களைப் பாருங்கள். ஒரு மாத முடிவை மட்டும் வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். இரண்டு வருஷ முடிவுகளை வரிசையாகப் பார்த்தால் எது நிலையாக நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

டிஃபெண்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. நம் பக்கத்து வீடுகளுக்கு அது ரொம்ப முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புதிதாக ஒரு ஃபைலைப் பார்த்தால், அது நல்லதா கெட்டதா என்று இணையம் வழியாகத் தன் சர்வரைக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் டிஃபெண்டருக்கு அதிகம். இணையம் இல்லாவிட்டால் அதன் கண் மங்கிவிடும். நம் வீடுகளில் ரவுட்டரை முகப்பில் மாட்டியிருப்பார்கள். கம்ப்யூட்டர் இரண்டாம் கட்டில், பட்டாலையை ஒட்டிய அறையில் இருக்கும். நடுவே கனத்த சுண்ணாம்புச் சுவர்கள். முகப்பில் நாலு கோடு காட்டும் வைஃபை உள்ளே போனதும் ஒரு கோடாகி, அதுவும் விட்டு விட்டு வரும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் போன வருஷம் பார்த்தேன், ஆன்டிவைரஸ் அப்டேட் ஆகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர், ‘வைஃபை இருக்கே தம்பி’ என்றார். இருந்தது, முகப்பில். முப்பது மீட்டர் கேபிள் ஒன்றை நடை வழியாக இழுத்துக் கொடுத்தேன். மூன்று மணி நேரம் அப்டேட் ஓடியது.

இன்னொரு பழக்கமும் நம் ஊரில் உண்டு. பத்து மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். பொங்கலுக்கோ, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ எல்லோரும் ஒன்றாக வந்து இறங்குவார்கள். வந்த அன்றே கம்ப்யூட்டரைப் போட்டு, ஆளாளுக்கு பென் டிரைவைச் சொருகி போட்டோ ஏற்றுவார்கள். பத்து மாதம் தூங்கிய கம்ப்யூட்டருக்கு அந்தப் பத்து மாதத்தில் வந்த வைரஸ் எதுவும் தெரியாது. முதலில் இணையத்தில் சேர்த்து, அப்டேட் முடியும்வரை விட்டுவிடுங்கள். பென் டிரைவ் அதற்கு அப்புறம்.

இன்னும் ஒன்று பாருங்கள் ஐயா. புது லேப்டாப்போடு ஏதாவது ஒரு கம்பெனியின் ஆன்டிவைரஸ் சில மாதச் சோதனைக்கென்று ஏற்றப்பட்டே வரும். வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். சோதனைக் காலம் முடிந்தபின் அந்தப் பழையது காவலும் காக்காது, ‘காசு கட்டு’ என்று தினம் கேட்டுக்கொண்டும் இருக்கும். கட்டுவதானால் கட்டுங்கள். இல்லையென்றால் ‘ஆப்ஸ்’ பட்டியலில் போய் அதை முழுக்க எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். டிஃபெண்டர் மறுபடி எழுந்துவிடும். பாதுகாப்பு கூடும் என்று இரண்டு ஆன்டிவைரஸை ஒன்றாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றையொன்று சந்தேகப்பட்டு, கம்ப்யூட்டர் ஆமையாகிவிடும்.

காசு கொடுத்து வாங்குவது யாருக்கு உபயோகம்? வீட்டில் நாலைந்து கம்ப்யூட்டர், போன் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க வேண்டும் என்பவர்களுக்கு. சிக்கல் வந்தால் போன் போட்டுக் கேட்க ஆள் வேண்டும் என்பவர்களுக்கு. சென்னையில் 1991இல் தொடங்கிய கே7, புனேயில் தொண்ணூறுகளில் தொடங்கிய குவிக் ஹீல் இரண்டும் நம் நாட்டுக் கம்பெனிகள். ருமேனியாவின் பிட்டிஃபெண்டர், ஸ்லோவாக்கியாவின் ஈசெட் இரண்டும் சோதனைகளில் பல வருஷமாகத் தாக்குப்பிடித்து நிற்பவை. காஸ்பர்ஸ்கியும் மதிப்பெண்ணில் குறைந்ததல்ல, ஆனால் ரஷ்யக் கம்பெனி என்பதால் 2024 ஜூனில் அமெரிக்கா அதன் விற்பனைக்குத் தடை போட்டது. எதை வாங்கினாலும் கார்டு எண்ணைக் கொடுத்து இணையத்தில் வாங்கினால், ‘ஆட்டோ ரெனியூவல்’ என்பதை அன்றே நிறுத்திவிடுங்கள். முதல் வருஷம் குறைந்த விலையைக் காட்டி, இரண்டாம் வருஷம் பல மடங்காகக் கார்டிலிருந்து எடுப்பது சர்வ சாதாரணம்.

இலவசமாக வேறு கம்பெனி ஆன்டிவைரஸ் போடலாமா என்று கேட்டால், எனக்கு மனசு ஒப்பவில்லை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் போட்டிருந்த அவாஸ்ட், அவர்கள் எந்தெந்தப் பக்கங்களைப் பார்க்கிறார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020 ஜனவரியில் விஷயம் வெளியே வந்ததும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. காவலுக்கு வைத்தவனே வீட்டுக்குள் நடப்பதை வெளியே விற்றால் எப்படி?

உங்களுக்கு என் முடிவு: டிஃபெண்டர் போதும். அந்தக் காசுக்கு ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி வையுங்கள். ஏன் என்பது கடைசிக் கேள்வியில் வரும்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் என் கம்ப்யூட்டரில் இருந்தது. போட்டோ எடிட் செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றை ஒரு தளத்தில் இலவசமாக இறக்கினேன். இன்ஸ்டால் ஆவதற்கு ஆன்டிவைரஸைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னது, நிறுத்தினேன். மறுநாள் எந்த போட்டோவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 980 டாலர் கேட்டு ஒரு கடிதம் கிடக்கிறது. 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலையாம். ஆன்டிவைரஸ் ஏன் காப்பாற்றவில்லை? பணம் கட்டிவிடலாமா?
— பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்: கட்டாதீர்கள். கட்டினால் திறந்து தருவான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

980 டாலர், 72 மணி நேரத்துக்குள் 490 என்ற கணக்கைப் பார்த்தாலே, இது ஸ்டாப் அல்லது டிஜேவியு என்ற ரான்சம்வேர் குடும்பம் என்று தெரிகிறது. ரான்சம்வேர் என்றால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். இது பெரும்பாலும் கிராக் செய்த, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி திருட்டுத்தனமாக மாற்றிய, சாஃப்ட்வேர் வழியாகத்தான் வரும். உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ‘ஆன்டிவைரஸைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னது, நிறுத்தினேன்.’ அது காப்பாற்றத் தவறவில்லை. வாசலில் நின்று மறித்திருக்கிறது, நீங்கள்தான் ‘நம்ம ஆளுதான், விடு’ என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்களை மட்டும் சொல்லவில்லை. ஃபைல் பூட்டிப்போய் என் கடைக்கு வந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் இதுதான் கதை. ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் சாஃப்ட்வேர் எதுவாக இருந்தாலும், அந்த நொடியே அதை அழித்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து எடுங்கள். ரான்சம்வேர் வந்தபோது அதில் சொருகியிருந்த எந்த டிஸ்க்கையும் வேறு கம்ப்யூட்டரில் சொருகாதீர்கள். பூட்டிய ஃபைல்களை அழிக்காமல், அந்தக் கடிதத்தையும் சேர்த்து ஒரு தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ‘நோ மோர் ரான்சம்’ என்று ஒரு தளம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கியது. பூட்டிய ஒரு ஃபைலையும் கடிதத்தையும் அதில் ஏற்றினால், சாவி இருக்கிறதா என்று சொல்லும். இந்தக் குடும்பத்துக்கு எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019இல் ஒரு இலவசக் கருவி வெளியிட்டது. பூட்டும்போது இணையத் தொடர்பு கிடைக்காமல், வைரஸ் தன் கையிலிருந்த பொதுச் சாவியால் பூட்டியிருந்தால் திறக்க வழி இருக்கிறது. உங்களுக்கென்று தனிச் சாவி வரவழைத்துப் பூட்டியிருந்தால் இன்றைய நிலையில் திறக்காது. ‘நான் திறந்து தருகிறேன்’ என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஆட்களிடமும் ஏமாறாதீர்கள்.

பலர் மறந்துவிடுகிற ஒன்று: இந்த வைரஸ் பல சமயம் கூடவே ஒரு பாஸ்வேர்டு திருடனையும் இறக்கிவிட்டுத்தான் போகும். வேறு ஒரு போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை இன்றைக்கே மாற்றுங்கள். அதன் பிறகு கம்ப்யூட்டரை முழுக்க ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து அழைத்தார்கள். வீட்டுக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். பங்காளிகள் அத்தனை பேரின் புள்ளிக் கணக்கையும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) பல வருஷம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். எந்த வீட்டில் யாருக்குக் கல்யாணமாகிப் புதுப் புள்ளி ஆனது, யார் எந்த நாட்டில் இருக்கிறார்கள், யார் வரி பாக்கி என்று எல்லாம். கூடவே பழைய படைப்புப் படங்கள். லீவுக்கு வந்த பேரன் ஏதோ கேம் கிராக் இறக்கியதில் அவ்வளவும் பூட்டிக்கொண்டது. வளவில் ஒரு மர ஸ்டூலில் லேப்டாப்பை வைத்து நாலு மணி நேரம் பார்த்தேன். தனிச் சாவி. ஒன்றும் செய்ய முடியவில்லை. பையன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான், அழுகிற முகம். அவர் அவனைத் திட்டவில்லை. என்னிடம், ‘இதுல என் கையெழுத்தே கெடையாதே, எல்லாம் டைப்பில அடிச்சதுதானே, எப்புடித் திரும்ப எழுதுவேன்’ என்றார். அப்போதுதான் உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, ‘பினாங்குல இருக்க நாத்தனாருக்கு ஒரு பென் டிரைவுல போட்டுக் குடுத்து விட்டீகளே, அது இருக்கும்ல’ என்றார். இருந்தது. இரண்டு வருஷப் பழசு. அதை வைத்துக்கொண்டு கணக்கில் பெரும்பகுதியை மீட்டார்கள். விடுபட்ட இரண்டு வருஷத்தை வீடு வீடாகப் போன் போட்டுக் கேட்டார். எழுதியது அந்தப் பேரன்தான்.

கேள்வி: என்னுடையது பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் 10. பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசவும் கோயில் நன்கொடைக் கணக்கு எழுதவும்தான் உபயோகம். விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்கிறார்கள். நல்ல ஆன்டிவைரஸாகப் போட்டால் ஓட்டிவிடலாமா?
— ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, ஆன்டிவைரஸ் வேறு, விண்டோஸ் அப்டேட் வேறு. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. யாரும் எதையும் கிளிக் செய்யக்கூட இல்லை. விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாகத் தானே நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அப்டேட் போட்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்கள் மாட்டினார்கள்.

விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்று நின்றது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துத் தருகிறார்கள். அதற்குப் பதிவு செய்ய வேண்டும். செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் அதற்கான இணைப்பு வரும். பேத்தியை விட்டுச் செய்யச் சொல்லுங்கள். அதற்குள் உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11க்குத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இல்லையென்றால் தூக்கிப்போட வேண்டாம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டால் உங்கள் வேலைக்குத் தாராளமாகப் போதும். வீடியோவில் பேச, கணக்கு எழுத, தமிழில் தட்டச்சு செய்ய எல்லாம் முடியும். காசும் இல்லை. பழைய பெட்டிகள் நிறையவற்றுக்கு நான் போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஒருவரும் திரும்பக் கொண்டுவந்து மாற்றச் சொன்னதில்லை.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் புராஜெக்ட் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்தால், பென் டிரைவில் இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிடுகிறது. ஃபைல்கள் போய்விட்டனவா?
— கல்லூரி மாணவி, கோட்டையூர்

பதில்: போகவில்லை, ஒளிந்திருக்கின்றன. படத்தை உற்றுப் பாரம்மா, ஃபோல்டரின் இடது ஓரத்தில் சின்னதாக ஒரு வளைந்த அம்பு இருக்கும். அளவைப் பார்த்தால் ஓரிரண்டு கேபிதான். உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் வைரஸ் வைத்த பொம்மை அது. அதை இரட்டைக் கிளிக் செய்தால் வைரஸ் உன் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடும். அதற்குப் பதில் பென் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து, டிஃபெண்டரால் ஸ்கேன் செய். பிறகு ‘வியூ’ மெனுவில் ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ என்பதை டிக் செய்தால் பழைய ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். தெரியாவிட்டால் எந்த சர்வீஸ் கடையிலும் ‘அட்ரிப்’ கமாண்ட் போட்டு எடுத்துத் தருவார்கள், ஒரு நிமிஷ வேலை. ஃபைல்களை வெளியே எடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மேட் செய். அடுத்த முறை ஃபைலை மெயிலில் அனுப்பி, கடையில் இறக்கிப் பிரிண்ட் எடு. அங்கே உன் மெயிலைத் திறந்து வைத்துவிட்டு வந்துவிடாதே.

கேள்வி: சமையல் குறிப்பு தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று சைரன் அடித்தது. அதில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஏதோ ஒரு ஆப் போடச் சொன்னார்கள், போட்டேன். அவர்களே மவுஸை நகர்த்திப் பார்த்துவிட்டு ஆன்டிவைரஸுக்கு 4,999 ரூபாய் வாங்கினார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
— ஓர் இல்லத்தரசி, ஆத்தங்குடி

பதில்: அம்மா, முதலில் வீட்டில் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பேங்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்கள்கூட இதே வலையில் விழுந்து என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இதுதான் தொழில், பயமுறுத்திப் பறிப்பது.

உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. பேங்குக்கும் பேசி கார்டை முடக்குங்கள். கம்ப்யூட்டரில் அவர்கள் போடச் சொன்ன ஆப்பை எடுத்துவிட்டு, டிஃபெண்டரில் முழு ஸ்கேனும் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்பதையும் ஓட்டுங்கள். பாஸ்வேர்டுகளைப் போனிலிருந்து மாற்றுங்கள்.

நீங்கள் பார்த்தது வைரஸே இல்லை. வெறும் இணையப் பக்கம். சைரனும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம்தான். எந்த உண்மையான ஆன்டிவைரஸும் திரையில் போன் நம்பர் போட்டு ‘கூப்பிடு’ என்று சொல்லாது. மறுபடி வந்தால் ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். மூடாவிட்டால் கம்ப்யூட்டரின் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். திரும்பப் போடும்போது, ‘பழைய பக்கங்களைத் திறக்கவா’ என்று பிரவுசர் கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: வைரஸைத் தயாரிப்பதே ஆன்டிவைரஸ் கம்பெனிகள்தான் என்கிறார்களே?
— வாசகர், புதுவயல்

பதில்: இல்லை. பிசிக்களில் பரவிய முதல் வைரஸான ‘பிரெய்ன்’, 1986இல் லாகூரில் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் எழுதியது. தங்கள் பெயரையும் போன் நம்பரையும் அதிலேயே போட்டிருந்தார்கள். 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ என்று மெயிலில் வந்தது பிலிப்பைன்ஸ் இளைஞர் ஒருவரின் வேலை. இன்று எழுதுகிறவர்கள், மேலே பார்த்த மாதிரி, பணத்துக்காக எழுதுகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஐயாவின் அப்பச்சி (அப்பா) பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்தார். அந்தக் காலத்துக் கணக்கேடுகளையும் கடிதங்களையும் போனில் படமெடுத்து ஆறாயிரம் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். எந்த ஆன்டிவைரஸ் போட்டால் இவை பத்திரமாக இருக்கும்?
— வாசகர், நெற்குப்பை

பதில்: எதைப் போட்டாலும் உறுதி சொல்ல முடியாது. வைரஸே வராவிட்டாலும் ஹார்டு டிஸ்க் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். மின்னல் அடித்து அடாப்டரோடு போர்டும் போன லேப்டாப்புகள் ஐப்பசி, கார்த்திகையில் என் மேஜையில் வரிசையாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது இன்னும் இரண்டு பிரதிகள்.

ஆறாயிரம் படம், ஒன்று 4 எம்பி என்று வைத்தாலும் 24 ஜிபிதான். 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி அதில் ஒரு பிரதி போடுங்கள். போட்டு முடித்ததும் கழற்றிவிடுங்கள். இதைத்தான் பலர் செய்வதில்லை. சொருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் வரும்போது கம்ப்யூட்டரோடு சேர்த்து அதையும் பூட்டிவிடும். பென் டிரைவில் வருஷக்கணக்கில் வைக்க வேண்டாம். மின்சாரமே பார்க்காமல் நாள்பட்டால் அதில் எழுதியது அழிய வாய்ப்பு உண்டு. மூன்றாவது பிரதி வேறு ஊரில், பிள்ளைகள் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, உங்களுக்குப் போதாது. கொஞ்சம் கட்டணம் கட்டி 100 ஜிபி எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரதி எடுத்துவிட்டோம் என்று விட்டுவிடாமல், டிஸ்க்கை வேறு ஒரு கம்ப்யூட்டரில் சொருகி அங்கங்கே பத்துப் படத்தைத் திறந்து பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். டிஸ்க்கின் மேல் பிரதி எடுத்த தேதியை எழுதி ஒட்டுங்கள். பெட்டகத்தில் வைப்பதானால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள், மழைக்காலத்து ஈரம் ஆகாது. டிஃபெண்டரில் ‘ரான்சம்வேர் புரொடெக்ஷன்’ என்பதற்குள் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்று ஒன்று இருக்கிறது. வழக்கமாக அணைந்தே இருக்கும், போட்டுவிடுங்கள். பழக்கமில்லாத சாஃப்ட்வேர் எதுவும் உங்கள் படங்களைத் தொட்டு மாற்ற விடாது. சில பழைய சாஃப்ட்வேர்கள் சேமிக்க முடியவில்லை என்று முரண்டு பிடிக்கும். அவற்றை மட்டும் பார்த்து அனுமதி கொடுங்கள்.

படமெடுத்தாகிவிட்டது என்று மூல ஏடுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போனில் எடுத்த படத்தில் பென்சில் குறிப்புகளும் ஓரத்து எண்களும் பாதி தெரியாது. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்த புத்தகங்களும் தாள்களும்தான் சென்னையில் அவர் பெயரில் இன்று இருக்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படை. வீட்டில் இனி யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நிலை வந்தால், அந்த நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். அதுவரை வேப்பிலை போட்டுத் துணியில் சுற்றி மேல் தட்டில் வையுங்கள்.